நாள் குறித்துச் சொல்லுங்கள், வருகிறோம்



ஐப்பசி நெருங்குகிறது. இனி மழைதான். உப்பளங்களில் பாத்தி வேலை ஓயும், சதுப்பில் தண்ணீர் ஏறும். அக்கம்பக்கத்துக் கடற்கரை ஊர்களிலிருந்து மீனவர்கள் வலையும் சட்டிபானையுமாகக் கோடியக்கரைக்கு வந்து கொட்டகை போட்டுத் தங்குவார்கள். பின்னாலேயே பூநாரையும் உள்ளானும் வந்து இறங்கும். அவற்றைப் பார்க்கத் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டணத்து ஆட்கள் வருவார்கள். எது எந்த மாதம் வரும், எப்போது கிளம்பும் என்று இங்கே சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அப்படிப்பட்ட ஊர்க்காரர்களான நமக்கே தெரியாத ஒரு பருவம் இருக்கிறது என்பதைப் போன மாதம் வந்த ஒரு கடிதம் காட்டிக்கொடுத்தது.

தேத்தாக்குடியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் நர்சிங் என்று பேசி வைத்திருந்தார்கள். அவளோ நாட்டியம் இல்லாவிட்டால் நாடகம், இரண்டில் ஒன்றுதான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். “அந்தப் படிப்பு படிக்கிற பிள்ளைங்க என்னதான் செய்றாங்கன்னு ஒருதடவை கண்ணால பாத்துட்டா நான் ஒரு முடிவுக்கு வந்துடுவேன். எங்க, எப்ப நடக்குதுன்னு உங்க பத்திரிகைல போடக்கூடாதா?” என்று கேட்டிருந்தார்.

என்ன படிக்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு ஒரு பேராசிரியரைப் பிடித்துப் பதில் வாங்கிப் போட்டுவிடுவது நம் வழக்கம். இந்த அம்மா யோசனை கேட்கவில்லை. பார்க்க வேண்டும் என்கிறார். பல்லைப் பார்க்காமல் மாடு வாங்காத ஊரில் இதைவிட நியாயமான கேள்வி இருக்க முடியாது. சரி, நாள்களைத் திரட்டிப் போட்டுவிடலாம் என்று தெரிந்தவர்களிடம் விசாரிக்கத் தொடங்கினோம். “நாடகமா? போன வாரம்தாங்க முடிஞ்சுது, பிரமாதமா இருந்துச்சு” என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில். முந்தின நாள் ராத்திரி வாட்ஸாப்பில் சுற்றுகிற அழைப்பிதழ், மறுநாள் சாயங்காலம் நாடகம், வந்திருப்பவர்களில் பாதிப் பேர் நடிக்கிறவர்களின் வகுப்புத் தோழர்கள், மீதி ஆசிரியர்கள். மூன்று மாதம் ஒத்திகை பார்த்த ஒன்று இப்படி ஒரே நாளில், நாலு சுவருக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் கூத்துக்கு நாளும் தெரியும், கூலியும் தெரியும். பெரிய கோயிலைக் கட்டிய கையோடு இராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டிரை அங்கே குடியேற்றினான். ஆளுக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு அவளுடையது என்பதுவரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, இரண்டாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இன்னும் சுவாரசியமானது. வைகாசித் திருவிழாவில் இராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக விஜய ராஜேந்திர ஆசாரியன் என்று பட்டம் பெற்ற சாந்திக்கூத்தருக்கும் அவர் வம்சத்தாருக்கும் ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுக்க வேண்டும் என்கிறது அது. நாடகம் என்ன கதை என்பது போய்விட்டது, ஒரு வசனம்கூட மிஞ்சவில்லை. எந்த மாதம் ஆடினார்கள், எவ்வளவு நெல் அளந்தார்கள் என்பது மட்டும் நின்றிருக்கிறது. கணக்கெழுதியவனின் கை அப்படி. இன்றைக்குக் கல்லூரி நாடகத்துறைகளில் பிரதி இருக்கிறது, ஒத்திகை இருக்கிறது, வீடியோகூட எடுத்து வைக்கிறார்கள். நமக்கு நாள்தான் தெரியவில்லை.

“கல்லூரி நாடகம் நமக்கெல்லாம் புரியுமா?” என்று தயங்குகிறவர்கள் உண்டு. வள்ளி திருமணமும் அரிச்சந்திரனும் விடிய விடியப் பார்த்து வளர்ந்த கூட்டம் நாம். புதுக்கோட்டையிலிருந்து ராஜபார்ட், காரைக்குடியிலிருந்து ஸ்திரீபார்ட், மதுரையிலிருந்து பபூன் என்று ஆளுக்கொரு ஊரிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கி, சேர்ந்து ஒரு ஒத்திகைகூடப் பார்க்காமல் பத்து மணிக்கு மேடை ஏறுவார்கள். ஆர்மோனியக்காரர் எடுத்துக் கொடுக்கும் சுருதியில் எல்லாம் கூடி வந்துவிடும். நினைத்துப் பார்த்தால் அது அசாத்தியமான வித்தை. கல்லூரிப் பிள்ளைகள் செய்வது அதற்கு நேர் எதிர். ஒன்றரை மணி நேர நாடகத்துக்கு மாதக்கணக்கில் ஒத்திகை. வசனம் குறைவு, உடம்பு அதிகம். பின்னால் திரைச்சீலையில் தர்பாரோ தெருவோ வரைந்திருக்காது. நாலு மூங்கிலும் ஒரு வெள்ளை வேட்டியும் அரண்மனையாகவும் ஆறாகவும் மாறும். முதல் பத்து நிமிஷம் பிடிபடாமல் இருக்கும். எழுந்து போகாமல் இருந்தால் பதினோராவது நிமிஷத்தில் ஏதோ ஒன்று நம் வீட்டுத் திண்ணையில் கேட்டதுபோல் இருக்கும். அப்படி இருப்பதற்குக் காரணம் ஒரு மனிதர்.

சே. இராமானுஜம். நாங்குநேரியில் 1935இல் பிறந்தவர். டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் அல்காஷியிடம் படித்துவிட்டு வந்தவர். காந்திகிராமத்தில் 1977இல் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறைதான் தமிழில் நவீன நாடகத்துக்குப் பிள்ளையார் சுழி என்பார்கள். அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர். திருச்சூர் நாடகப் பள்ளியில் ஜி. சங்கரப் பிள்ளையோடு பணியாற்றினார். பிறகு எண்பதுகளில் தஞ்சாவூருக்கு வந்து, 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத்துறைக்கு உருக்கொடுத்தார். கடைசிவரை தஞ்சாவூர்க்காரராகவே இருந்து 2016 டிசம்பரில் மறைந்தார்.

டெல்லியில் படித்தவர் என்றால் டெல்லியைக் கொண்டுவந்து இறக்குவார் என்றுதான் எதிர்பார்ப்போம். இவர் நம் ஊர் மாரடிப்பையும் கூத்தையும் கோயில் சடங்கையும் தேடிப் போனார். யூரிப்பிடீஸ் என்ற கிரேக்கர் இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னால் எழுதிய டிராய் நகரத்துப் பெண்களின் கதையை இவர் ‘வெறியாட்டம்’ ஆக்கினார். போரில் ஊர் அழிந்துவிட்டது. ஆண்கள் செத்துவிட்டார்கள். எஞ்சிய பெண்களைப் பங்கு போட்டுக் கப்பலேற்றப் போகிறார்கள். அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்? நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் செய்தார்கள். தலைவிரித்து, வட்டமாகக் கூடி, மார்பில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கிரேக்க நாடகத்தில் கோரஸ் என்று பாடம் நடத்துகிற ஒன்று, எழவு வீட்டில் எத்தனையோ தடவை நாம் கேட்ட குரலாக மேடையில் நின்றது. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் நம்மைப் புரட்டிப் போட்ட பிறகு, விழுந்து கிடந்த தென்னந்தோப்பைப் பார்த்துப் பிள்ளையை இழந்தவர்போல் அழுத அம்மாக்களைக் கண்டவர்களுக்கு இந்த நாடகத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. திருக்குறுங்குடியில் கார்த்திகை மாதத்துக் கைசிக ஏகாதசியன்று ஆடும் கைசிக நாடகத்தை அனிதா ரத்னத்தோடு சேர்ந்து 1999இல் மீட்டெடுத்தவரும் இதே இராமானுஜம்தான்.

தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் அதே நாடகத்துறையில் பேராசிரியராக இருந்த மு. இராமசாமியை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்பவர்கள் ‘கே.டி. என்கிற கருப்புதுரை’ படத்தில் ஒரு சின்னப் பையனோடு பிரியாணி தேடி ஊர் சுற்றிய தாத்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்தான். மதுரையில் நிஜ நாடக இயக்கம் நடத்தியவர், தோற்பாவை நிழல்கூத்தைத் தேடி ஊர் ஊராகப் போய் ஆராய்ச்சி செய்தவர். இன்னொருவர் புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி, மாயவரத்துப் பக்கத்துக்காரர். சென்னையில் 1977இல் அவர் தொடங்கிய கூத்துப்பட்டறை கல்லூரி இல்லை, ஆனால் பல கல்லூரிகள் செய்ய வேண்டியதைச் செய்தது. கலைராணி, பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாரும் அங்கே உடம்பை வளைத்தவர்கள். கும்பகோணத்து இந்திரா பார்த்தசாரதி புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நாடகப் பள்ளியை நடத்தினார். ஆக, தமிழ் நாடகத்தைக் கல்விக்கூடத்துக்குள் கொண்டுபோனவர்களில் காவிரித் தண்ணீர் குடித்தவர்கள் கொஞ்சம் அதிகம். நம் பெருமையைச் சொல்லிக்கொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பதால் சொல்லிவிட்டேன்.

இதை எழுதும்போது இன்னொரு கணக்கும் மனசில் ஓடுகிறது. பஸ்ஸில் போனால் நமக்குப் பல்கலைக்கழகம் என்பது தஞ்சாவூர். பறவை போகிற கணக்கில் பார்த்தால் கோடியக்கரைக்கு யாழ்ப்பாணம்தான் பக்கம். கடலைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த பழைய வாசகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். பல்கலைக்கழக நாடகம் என்றால் என்னவாக இருக்கலாம் என்பதை அந்தக் கரை நமக்கு முன்னமே செய்து காட்டியிருக்கிறது.

அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர் சு. வித்தியானந்தன். மட்டக்களப்பில் அண்ணாவிமார் விடிய விடிய ஆட்டுவித்த வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பார்த்தார். அண்ணாவிமாரைப் பல்கலைக்கழகத்துக்கே அழைத்து வந்து மாணவர்களுக்குப் பழக்கச் சொன்னார். இரவு முழுக்க நடந்ததை, மேடைக்கேற்ற அளவுக்குச் சுருக்கிக் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்று ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேற்றினார். இராவணேசனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் தாமே பேராசிரியராகி, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறையை அதே இராவணேசனாக ஆட்டுவித்தார். ஆடத் தெரிந்த கிழவரும் படிக்க வந்த பிள்ளையும் ஒரே களரியில் நின்றார்கள் என்பதில்தான் அத்தனையும் இருக்கிறது. நம் பக்கத்தில் இது இன்னும் போதிய அளவு நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

அடுத்தது 1985. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்தார்கள். போர் நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது. பல்கலைக்கழக மண்டபத்தோடு நின்றுவிடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். மேடையில் நின்றவர்கள் பேசியது பார்க்க வந்தவர்களின் வீட்டுக் கதை. மதிப்பெண்ணுக்காக அதை யாரும் ஆடியிருக்க முடியாது.

நடனத்தின் பக்கம் வருவோம். தேத்தாக்குடிப் பெண்ணுக்கு இரண்டில் எது என்பது இன்னும் முடிவாகவில்லை, நினைவிருக்கட்டும்.

பரதநாட்டியம் சென்னையில் பிறந்தது என்று நினைக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். மார்கழி முழுக்க மயிலாப்பூரும் தேனாம்பேட்டையும் போடுகிற சத்தம் அப்படி. அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றைக்கு எந்த நாட்டு மேடையிலும் ஆடப்படும் வரிசையைத் தொகுத்து ஒழுங்கு செய்தவர்கள் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சாவூர் நால்வர். சரபோஜி அரண்மனையில் இருந்தவர்கள். அவர்கள் வழியில் வந்த பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுக்கொண்டுதான் ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். அதற்கும் முன்னால் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் 108 கரணங்களைச் செதுக்க ஆரம்பித்து 81-ஓடு நிறுத்திவிட்டுப் போன சிற்பி யாரோ. மீதி 27 கட்டம் இன்னும் வெறும் கல்லாக இருக்கிறது.

இந்த நடனத்தைக் கல்லூரியில் படிக்க நமக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி. அவ்வளவு தூரம் இப்போதே அனுப்ப மனமில்லை என்றால் திருவாரூரிலும் சீர்காழியிலும் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள். மூன்று வருஷப் படிப்பு, பரதத்தோடு தேவாரம், நாகஸ்வரம், தவில் எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். பக்கத்து அறையில் தவில் பிள்ளைகள் சொல் சாதகம் பண்ணும் சத்தத்தோடு அடவு பழகுகிற அனுபவம் பெரிய பட்டணத்து நடனப் பள்ளிகளில் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

இனி நாள்கள். எந்தத் துறையின் அழைப்பிதழும் கையில் இல்லாத நிலையில், ஆண்டுதோறும் தவறாமல் வருகிறவற்றைச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி சதயத்தையொட்டிப் பெரிய கோயிலில் இராஜராஜனின் சதய விழா. நடன நிகழ்ச்சிகளுக்குக் குறைவிருக்காது. மழைக்குக் குடை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மார்கழியும் தையும் பாட்டுக் காலம். ஆட்டக்காரர்கள் சென்னையில் இருப்பார்கள். மாசியில் மகா சிவராத்திரி வந்ததும் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிவிடுவார்கள். சிதம்பரத்தில் 1981இல் தொடங்கிய நாட்டியாஞ்சலி இப்போது மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று பரவிவிட்டது. ஒரே குழு திங்கள்கிழமை ஓர் ஊர், செவ்வாய்க்கிழமை ஓர் ஊர் என்று ஒப்பனையைக்கூடச் சரியாகக் கலைக்காமல் வேனில் ஓடும். கல்லூரி மாணவர்கள் அதிகம் ஆடுவது இந்த வாரத்தில்தான். நாகப்பட்டினம் நமக்கு எட்டுகிற தூரம். தேத்தாக்குடி அம்மா முதலில் பார்க்க வேண்டியது இது. மேடை ஓரமாக உட்கார்ந்தால் ஆட்டம் மட்டுமல்ல, ஆடிவிட்டு இறங்கும் பிள்ளைக்கு மூச்சு வாங்குவதும் தெரியும். இந்தப் படிப்பைப் பற்றி ஒரு தாய் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அதில் இருக்கிறது.

பங்குனியில் நாடகத்தின் முறை. மார்ச் 27 உலக நாடக நாள். நாடகத்துறைகள் அதைச் சும்மா விடுவதில்லை. பருவத் தேர்வும் அதை ஒட்டியே வருவதால் மாணவர்களின் சொந்தத் தயாரிப்புகள் மேடையேறும் காலமும் அதுதான். தேர்வுக்காக ஆடுவதால் வெளியாட்களுக்கு இடமில்லை என்று நினைக்க வேண்டாம். மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆள் வருவதைவிட அவர்களுக்கு வேறு சந்தோஷம் இல்லை.

சித்திரை வைகாசியில் நரசிம்ம ஜயந்தி. பாபநாசத்துப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளம். அச்சுதப்ப நாயக்கர் மானியமாகக் கொடுத்த ஊர் அது. அந்த ஊர் வேங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய பிரகலாத சரித்திரத்தை வரதராஜப் பெருமாள் சன்னதிக்கு எதிரே இன்னும் ஆடுகிறார்கள். பெண் வேஷமும் ஆண்களே கட்டுவார்கள். நரசிம்ம முகம் கோயிலில் வைத்துப் பூஜை செய்யப்படுவது. அதைக் கட்டுகிறவர் அன்றைக்கு விரதம். அவர் ஆவேசம் வந்து பாயும்போது பிடித்துக்கொள்ளத் தனியாக ஆட்கள் நிற்பார்கள். தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாதவர்களும் கொட்டக் கொட்ட விழித்திருப்பார்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறவர்கள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து ஆடுகிற நாடகம் இது. நாடகம் படிக்க ஆசைப்படுகிற எந்தப் பிள்ளையும் ஒரு ராத்திரியாவது இதன் முன்னால் உட்கார வேண்டும்.

இவ்வளவிலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. நம் ஊர்.

கல்கி 1950இல் எழுதத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ கோடியக்கரைக்கு ஒரு பூங்குழலியைக் கொடுத்தது. இன்றும் குழகர் கோயில் வாசலில் வந்து நின்று, படகு எங்கே, கலங்கரை விளக்கம் எங்கே என்று கேட்கிறார்கள். அந்தக் கதையை 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழுவினர் சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் பெரிய நாடகமாகப் போட்டார்கள். நாடகமாக்கிய குமரவேல்தான் பிறகு மணிரத்னத்தின் திரைக்கதையிலும் சேர்ந்துகொண்டார். நம் சதுப்பையும் காட்டையும் சென்னைக்காரர்கள் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டார்கள். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. இங்கே இன்னும் யாரும் கை வைக்காத கதைகள் கிடக்கின்றன என்பதுதான் விஷயம்.

உப்பு யாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ராஜாஜியும் தொண்டர்களும் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் கிளம்புகிறார்கள். வழியில் யாரும் சோறு போடக் கூடாது, இடம் தரக் கூடாது என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போடுகிறார். ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்கள்போல் நிற்கிறார்கள். வேதாரண்யத்தில் சர்தார் வேதரத்தினம் பிள்ளை காத்திருக்கிறார். ஏப்ரல் 30 அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளுகிறார்கள். இதற்கு நடுவே முடிதிருத்தும் தொழிலாளி வைரப்பன். முகம் மழிக்க வந்து உட்கார்ந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு கத்தியை எடுத்துவிட்டார். வழக்கு வந்தது. மீதியை மழித்துவிடு என்று சொன்ன நீதிபதியிடம் பெட்டியை நீட்டி, நீங்களே செய்துவிடுங்கள் என்றாராம். ஜெயிலுக்குப் போனார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு கோர்ட்டில் நிற்கும் போலீஸ்காரரை மேடையில் நினைத்துப் பாருங்கள். சிரிப்பும் கோபமும் ஒரே காட்சியில் இருக்கிறது, செலவு ஒரு நாற்காலியும் ஒரு பெட்டியும். நாடகத்துறைப் பிள்ளைகளே, இது உங்களுக்காகத்தான் தொண்ணூறு வருஷத்துக்கும் மேலாகக் காத்திருக்கிறது. இதோடு தி. ஜானகிராமனின் ‘நாலுவேலி நிலம்’. நிலத்தாசையைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர் எழுதிய நாடகம், சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜ் மேடையேற்றியது. இந்திரா பார்த்தசாரதியின் ‘நந்தன் கதை’யும் வயற்காட்டில் நடப்பது. இவற்றை இந்த மண்ணில் வைத்தே பார்க்க வேண்டும் என்று எங்களுக்கு ஆசை.

நாளும் நானே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 29 உலக நடன நாள். மறுநாள் 30 நம் உப்பு நாள். ஆண்டுதோறும் யாத்திரையை நினைவுகூர்கிற நாள். இந்த இரண்டு நாளும் அடுத்தடுத்து விழுவது நம் அதிர்ஷ்டம். முதல் நாள் சாயங்காலம் நடன மாணவர்கள், இரண்டாம் நாள் நாடக மாணவர்கள். பள்ளிப் பரீட்சைகளும் முடிந்திருக்கும், பிள்ளைகளைக் கூட்டி வரலாம். மேடைக்கு வேதாரண்யத்திலும் தோப்புத்துறையிலும் இடம் கொடுக்கத் தயாராக இருக்கிறவர்கள் பேசியிருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு ஆள் இருக்கிறது. மரத்தில் கட்டித் தொங்கவிட வேண்டியதில்லை, இலை போட்டே பரிமாறுவோம். துறைத் தலைவர்கள் சரி என்றால் போதும்.

தேத்தாக்குடி அம்மாவின் மகள் படித்து முடித்து என்ன செய்வாள் என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். நாட்டியம் முடித்தவர்களுக்குப் பள்ளிகளில் ஆசிரியை வேலை, இசைப் பள்ளிகளில் பணியிடம், வீட்டிலேயே வகுப்பு என்று நிதானமான வழி உண்டு. நாடகத்துக்கு அப்படி ஒரு நேர் ரோடு இல்லை. சிலர் ஆராய்ச்சிக்குப் போகிறார்கள், சிலர் சினிமாவில் நடிப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள், சிலர் பள்ளிகளுக்குப் போய் நாடகம் வழியாகப் பாடம் நடத்துகிறார்கள், சிலர் ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். நம் புஷ்பவனம் குப்புசாமி நாட்டுப்புறப் பாட்டைக் கையில் எடுத்தபோதும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். எல்லாரும் குப்புசாமி ஆகிவிட முடியாது என்பதும் உண்மை. அம்மா, மாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று பாருங்கள். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். மேடையைப் பார்க்கும்போது நடுநடுவே அவள் முகத்தையும் பாருங்கள். நர்சிங்குக்கு விண்ணப்பம் அதற்குப் பிறகுதான் வரும்; அவசரமில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் நாடக, நடனத் துறைகள் ஆண்டு தொடங்கும்போதே அந்த வருஷத்து நிகழ்ச்சிகள் அத்தனையையும் ஒரே தாளில் அச்சடித்து ஊருக்குள் கொடுத்துவிடுகிறார்கள். கடைக்காரரும் ஓய்வு பெற்றவரும் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை. முன்கூட்டியே நாள் குறிக்கும் பழக்கம் இருந்தால் போதும். அந்தத் தாளை அடிக்கிற வேலையை நம் பத்திரிகை எடுத்துக்கொள்கிறது. வரும் இதழிலிருந்து கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் இதற்கென்றே ஒதுக்கப்படும். தஞ்சாவூர், திருவையாறு, திருச்சி, சிதம்பரம், புதுச்சேரி, எங்கிருந்தும் சரி, துறைகளும் மாணவர்களும் நிகழ்ச்சி விவரத்தை முந்தின மாதம் 15ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள். காசு வாங்க மாட்டோம். நாள், நேரம், இடம், நாடகத்தின் பெயர், எவ்வளவு நேரம் என்பது முக்கியம். தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, நன்றியுரை யார் யார் என்பது வேண்டாம், இடம் போதாது.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு 2023 ஏப்ரலிலிருந்து மறுபடியும் ரயில் ஓடுகிறது. நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். அங்கிருந்து தஞ்சாவூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் பஸ் இருக்கிறது. திரும்பி வரக் கடைசி பஸ் எப்போது என்பதைப் போகும்போதே நடத்துனரிடம் விசாரித்துவிடுங்கள். நாலைந்து குடும்பம் சேர்ந்தால் வேன் வைத்துக்கொள்வது உத்தமம். அழைப்பிதழில் ஆறு மணி என்று போட்டிருந்தால் ஆறே முக்காலுக்குத் தொடங்கும். எட்டரைக்கு முடியும் என்றால் ஒன்பதரை என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் உடனே எழுந்து ஓடாமல், மேடைக்குப் பின்னால் போய் அந்தப் பிள்ளைகளிடம் எந்த ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்